கொடுங்கோலர் கையில் எல்லைச் சாவி

(யாழ்ப்பாணத்தில் அண்மையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2009ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மத்தியதரைக் கடலிலே, இத்தாலிக்குச் சொந்தமான லம்பெதூசாத் தீவுக்குத் தெற்கே 35 கடல்மைல் தூரத்தில், மூன்று படகுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஏறத்தாழ 200 பேர் இருந்தனர். சோமாலியாவின் உள்நாட்டுப் போருக்கும் எரித்திரியாவின் முடிவிலாப் படைச்சேவைக்கும் தப்பி, பாலைவனத்தைக் கடந்து, லிபியாக் கரையில் படகேறியோர் அவர்களிடையே இருந்தனர். இத்தாலியக் கப்பல்கள் எதிர்ப்பட்டு அவர்களை ஏற்றிக்கொண்டன. கப்பல் எங்கே செல்கிறதென்று எவரும் தமக்குக் கூறவில்லை என்றும், தம்மை இன்னாரென்று எவரும் விசாரிக்கவில்லை என்றும் அவர்கள் பின்னர் முறையிட்டனர். பத்து மணி நேரப் பயணத்தின் பின் கப்பல் நின்ற துறைமுகம் திரிப்போலி. இறங்கமாட்டோமென்று மறுத்தவர்கள் வலுக்கட்டாயமாக இறக்கப்பட்டு லிபிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இந்த ஒரு நாட் செய்தியையே இன்றைய பேச்சுக்கு நாம் அடியாகக் கொள்கிறோம். சனநாயக நாடு என்று தன்னைக் கூறிக்கொள்ளும் ஒரு நாடு, தன் எல்லைக்கு வருவோரைத் தடுக்கும் வேலையைக் கொடுங்கோலாட்சி ஒன்றிடம் கூலிக்கு ஒப்படைக்கலாமா? ஒப்படைத்தால் அதன் பழி எவரைச் சாரும்? இக்கேள்வி இத்தாலியருக்கு மட்டும் உரியதென்று நீங்கள் எண்ணலாம். நம் கடலிலும் இதே வேலை நடந்திருக்கிறது. அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் அந்தக் கப்பல்கள் திரிப்போலிக்குத் திரும்பிய காரணத்தைப் பார்ப்போம். 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் பெங்காசி நகரில் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனியும் லிபியாவின் அதிபதி கடாபியும் நட்புறவு உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். 1911இல் லிபியாவைப் பிடித்து ஆண்ட இத்தாலி, அங்கே செய்த கொடுமைகளுக்கு நட்டஈடாக இருபது ஆண்டுகளில் 500 கோடி டொலர் தருவதாக அதில் ஒப்புக்கொண்டது. விடுதலை வீரர் ஓமர் முக்தாரை 1931இல் தூக்கிலிட்ட நாடு, கைது முகாம்களில் மக்களை அடைத்து மாளவிட்ட நாடு, தன் பிழையை ஒப்புக்கொண்டதை நாம் குறைகூறவில்லை. ஆயின் பழைய பாவத்துக்குக் கழுவாயாகக் கொடுத்த அந்தப் பணமுடிச்சிலேயே புதிய பாவம் ஒன்றும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கடல்வழி வருவோரை லிபியா தடுக்கவேண்டும், திருப்பி அனுப்பினால் ஏற்கவேண்டும் என்பதே அது. லிபியாவோ 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தை ஏற்காத நாடு. புகலிடம் என்ற சொல்லுக்கு அங்கே சட்டத்தில் இடமில்லை. பிடிபட்டவர்களுக்குச் சிறை உண்டு, அடி உண்டு, பாலைவன எல்லையிற் கொண்டுபோய் விடுவதும் உண்டு. இவை யாவும் அக்காலத்திலேயே உலகறிந்த செய்திகள்.

திருப்பி விடப்பட்டோருள் 11 சோமாலியரும் 13 எரித்திரியருமாக 24 பேர், ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றிலே இத்தாலிக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2012 பெப்ரவரி 23இல் தீர்ப்பு வந்தது. அதற்கிடையில் அவர்களுள் இருவர், எவ்வாறென்று அறியப்படாத நிலையில், இறந்துபோயினர். நடுக்கடலில் நடந்தது மீட்புப் பணியே, அது எமது நாட்டு எல்லைக்குள் நடந்ததன்று, லிபியாவுடன் எமக்கு உடன்படிக்கை உண்டு என்றெல்லாம் இத்தாலி வாதாடிற்று. நீதியரசர் எல்லோரும் ஒருமுகமாக அவ்வாதங்களை ஒதுக்கினர். இத்தாலியக் கொடி பறக்கும் கப்பலின் தளத்தில் நிற்பவர் இத்தாலியின் பொறுப்பிலேயே நிற்கிறார். இன்னொரு நாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி அப்பொறுப்பைக் கழற்றிவிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஒவ்வொருவருக்கும் 15,000 யூரோ நட்டஈடு விதிக்கப்பட்டது.

இதிற் புதுமை ஒன்றுமில்லை என்று இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகள் கூறுவர். நம்மூர்க் கமக்காரருக்கும் இது தெரிந்த விடயமே. வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் தம் காணியைப் பராபரிக்க இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். அந்த அதிகாரத்துள் நின்று இவர் இட்ட கையொப்பம் அவரைக் கட்டும். பிணக்கு எழுந்தபின், ‘கையெழுத்து என்னுடையதன்று’ என்று அவர் சொன்னால் நீதிமன்று கேட்குமா? காணிக்கு உள்ள நீதி மனித உயிருக்கு இல்லையென்று எந்தச் சட்டநூல் கூறுகிறது?

தீர்ப்பு வந்தது, பாடம் படிக்கப்பட்டது. ஆனால் என்ன பாடம்! ‘நம் கப்பலில் ஏற்றினாற்றானே பொறுப்பு? இனி அவர்களே பிடிக்கட்டும்’ என்ற பாடம். கடாபி 2011இல் வீழ்ந்தபின் லிபியா துண்டு துண்டாகி ஆயுதக் குழுக்களின் கையிற் போயிற்று. 2013 ஒக்தோபர் 3ஆம் நாள் லம்பெதூசாவுக்கு அருகே ஒரே படகில் 360க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அதிர்ச்சியில் இத்தாலி தன் கடற்படையை மீட்புக்கு அனுப்பி ஓராண்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் காத்தது. அந்த ஓராண்டை நன்றியுடன் நினைவுகூர்வது நம் கடமை. ஆனால் அப்பணி 2014இல் நிறுத்தப்பட்டது. 2017 பெப்ரவரி 2ஆம் நாள், திரிப்போலியிலிருந்த அரசின் தலைவர் சராஜுடன் இத்தாலி புதிய புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. லிபியக் கடலோரக் காவற்படைக்கு ரோந்துப் படகுகளையும் பயிற்சியையும் இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியமும் கொடுத்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை தானாகவே நீளும் வகையில் எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கை 2020இலும் 2023இலும் அவ்வாறே நீண்டது.

கணக்குப் பார்ப்போர் மகிழ்ந்தனர். 2016இல் கடல்வழியாக இத்தாலியை அடைந்தோர் ஏறத்தாழ 1,81,000. 2018இல் அத்தொகை ஏறத்தாழ 23,000. வராதவர்கள் எங்கே போயினர்? பலர் இடைக்கடலிற் பிடிக்கப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவை முகாம்கள் என்று பெயர்பெற்ற வணிகக்கூடங்கள். அடைபட்டவனை அடித்து, அவனுடைய தாய்க்குத் தொலைபேசியில் அவன் அலறலைக் கேட்கவைத்து, மீட்புப் பணம் கறப்பது அங்கே தொழில். 2017 நவம்பரில் மனிதர்கள் அங்கே ஏலத்தில் விற்கப்படும் காட்சியை உலகத் தொலைக்காட்சிகள் காட்டின. அதே மாதம் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையாளர், ஐரோப்பாவின் இக்கொள்கை மனிதத்தன்மை அற்றது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். 2019 யூலை 2ஆம் நாள் இரவு தஜூரா முகாமின்மேல் விமானக் குண்டு விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கடலில் மூழ்காமற் ‘காக்கப்பட்டவர்கள்’ அவ்வாறு சாம்பலாயினர்.

‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்பது நம்மவர் பழமொழி. சாவியா என்ற ஊரின் கடலோரக் காவற்படைத் தலைவனாயிருந்த ஒருவன்மீது, ஆட்கடத்தற்காரன் என்று கூறி, 2018 யூன் மாதத்தில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை தடைவிதித்தது. அவனோ அதற்கு முந்திய ஆண்டு லிபியத் தூதுக்குழு ஒன்றிற் சேர்ந்து இத்தாலிக்கு விருந்தாளியாகச் சென்று வந்தவன் என்பது பின்னர் வெளியாயிற்று. திருடனுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திருட்டை ஒழிக்கப் போகிறோம் என்று பறைசாற்றினால் எப்படி?

2023 மார்ச் மாதத்தில் லிபியா பற்றிய ஐக்கிய நாடுகள் உண்மையறியும் குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. குடிபெயர்ந்தோர்மீது மானிடத்துக்கு எதிரான குற்றங்கள் இழைக்கப்பட்டன என நம்புவதற்குத் தக்க காரணம் உண்டென்று அது கூறிற்று. அதன்பின்னரும் நடந்ததைக் கேளுங்கள். திரிப்போலிச் சிறையொன்றின் கொடுமைகளுக்காகச் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்த லிபிய அதிகாரி ஒருவர், 2025 சனவரியில் இத்தாலியின் தூரின் நகரிற் கைதானார். இரண்டு நாளில் விடுவிக்கப்பட்டு இத்தாலிய அரசின் விமானத்திலேயே ஊருக்கு அனுப்பிவைக்கப்பட்டார். அகதியைத் திருப்பி அனுப்பியோர் இறுதியில் அவனை வதைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் திருப்பி அனுப்பினர். முன்னையது கொடுமை; பின்னையது அக்கொடுமைக்குக் கட்டுப்பட்டவர்களின் இயலாமை என்றே நாம் கருதுகிறோம்.

இயலாமை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டக் காவலுக்குச் சண்டியனை வைத்தவர் கதை நம் கிராமங்களில் எவருக்கும் தெரியும். முதலாண்டு அவன் கூலி கேட்பான். அடுத்த ஆண்டு பங்கு கேட்பான். அதற்கடுத்த ஆண்டு படலையைத் திறந்துவிடுவேன் என்று வெருட்டுவான். 2010 ஓகஸ்டில் கடாபி உரோமாபுரிக்கு வந்து, ஆபிரிக்கர் வருகையைத் தடுக்க ஆண்டுக்கு 500 கோடி யூரோ வேண்டுமென்றும், இன்றேல் ஐரோப்பா கறுத்துப்போகுமென்றும் பேசினார். துருக்கிக்கு 2016இல் 600 கோடி யூரோ வாக்களிக்கப்பட்டது. 2020 பெப்ரவரி இறுதியில் துருக்கி தடுப்பை விலக்க, ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையிற் குவிந்தனர். பொலிசாரியோத் தலைவருக்கு ஸ்பெயின் வைத்தியம் பார்த்ததிற் சினங்கொண்ட மொரோக்கோ, 2021 மே மாதத்திற் காவலைத் தளர்த்த, இரண்டு நாளில் ஏறத்தாழ 8,000 பேர் செயூத்தாவுக்குள் நுழைந்தனர். துனீசியாவின் சனாதிபதி பாராளுமன்றத்தை முடக்கியவர். 2023 பெப்ரவரியிற் கறுப்பின ஆபிரிக்கருக்கு எதிராக வெறுப்புரை ஆற்றியவர். அதே ஆண்டு யூலையில் அவருடைய அரசுடன் ஐரோப்பிய ஒன்றியம் உடன்படிக்கை செய்து, எல்லைக் காவலுக்கென 10½ கோடி யூரோ ஒதுக்கிற்று. அந்த யூலையிலேதான் கறுப்பின மக்கள் லிபிய எல்லைப் பாலைவனத்தில் நீரின்றி விடப்பட்ட செய்தியும் வந்தது. மனிதரை ஏவுகணைபோல் வைத்துப் பேரம்பேசக் கொடுங்கோலர் கற்றுக்கொண்டது தாமாகவா? விலை கூறியவர் இல்லாமற் சந்தை கூடுமா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். படகு புறப்படாவிட்டால் ஆள் மூழ்கமாட்டான் அல்லவா என்கின்றனர். மேலோட்டமாகப் பார்த்தால் உண்மையே. இறந்தோர் தொகை 2016க்குப் பின் குறைந்தது. ஆனால் கடந்தோரில் எத்தனை பேருக்கு ஒருவர் இறந்தார் என்று பாருங்கள். வட ஆபிரிக்காவிலிருந்து இத்தாலி நோக்கிய வழியில் 2017இன் முதல் ஏழு மாதங்களில் 42 பேருக்கு ஒருவர். 2018இன் அதே காலத்தில் 18 பேருக்கு ஒருவர். அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையகத்தின் கணக்கு இது. மீட்புக் கப்பல்கள் விலக்கப்பட்ட கடல் வேறு எப்படி இருக்கும்? பாலைவனத்திலும் முகாமிலும் மடிந்தோரை இக்கணக்கு சேர்க்கவுமில்லை. எல்லையைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. நம் பிள்ளைகளைப் பழுதடைந்த தோணியில் ஏற்றிப் பணம் பறித்த தரகர்களுக்காக இங்கே எவரும் கண்ணீர் விடப்போவதுமில்லை. வயலை ஈடுவைத்தும் தாலிக்கொடியை அடகுவைத்தும் கொடுத்த பணம் அது.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியைக் கூறவேண்டும். 1938 மார்ச்சில் ஒஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதும் யூதர்கள் சுவிற்சலாந்தை நோக்கி ஓடிவந்தனர். எல்லாச் செர்மானியருக்கும் நுழைவு அனுமதி கட்டாயமாக்குவோம் என்று சுவிஸ் அரசு எச்சரித்தது. பேரங்கள் நடந்தன. செப்தெம்பர் 29ஆம் நாள் பேர்லினில் உடன்பாடு கண்டனர். செர்மானிய யூதர்களின் கடவுச்சீட்டில் அடையாளம் இடப்படும். அதனைக் கண்டு சுவிஸ் எல்லைக் காவலர் தடுத்துக்கொள்ளலாம். ஒக்தோபர் 5ஆம் நாள் முதல் ‘ஜே’ என்னும் சிவந்த எழுத்து அக்கடவுச்சீட்டுகளில் விழுந்தது. சுவிற்சலாந்தில் அப்போது நாசி ஆட்சி இல்லை. தேர்தல் இருந்தது, பத்திரிகை இருந்தது, நீதிமன்று இருந்தது. தன் எல்லையைச் சிக்கனமாகக் காக்க விரும்பிற்று, அவ்வளவே. அதே உடன்பாட்டில், வேண்டுமானால் சுவிஸ் யூதர்களின் கடவுச்சீட்டிலும் அத்தகைய அடையாளத்தைக் கேட்கும் உரிமையைச் செர்மனி தனக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டது. அந்நியரைத் தடுக்க இட்ட கையொப்பம் சொந்தப் பிரசைகளின் தலைக்குமேல் கத்தியாகத் தொங்கிற்று. இத்துணையும் 1954இற் பத்திரிகை ஒன்று வெளிப்படுத்தும் வரை பொதுமக்கள் அறியாதிருந்தனர். 1995இலேதான் சுவிஸ் சனாதிபதி மன்னிப்புக் கேட்டார்.

இது பழங்கதையென்று தள்ளவும் இயலாது. 2017 செப்தெம்பரில் பெல்ஜியம், பிரசெல்சு நகரப் பூங்காவொன்றிற் படுத்துறங்கிய சூடானியரை அடையாளங்காண, சூடான் அரசின் அதிகாரிகளையே அழைத்தது. அந்த அரசின் தலைவர் பசீர்மீது 2009 முதல் சர்வதேசப் பிடியாணை இருந்தது. திருப்பி அனுப்பப்பட்டோருட் சிலர் தாம் வதைக்கப்பட்டதாகக் கூறினர். அதனைத் திட்டமாக நிறுவவோ மறுக்கவோ இயலவில்லை என்று 2018இல் வந்த விசாரணை அறிக்கை கூறிற்று. வேட்டைக்காரனிடம் மானை அடையாளங்காட்டச் சொன்னபின், விசாரணை எதற்கு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி நம் கடலுக்கு வருவோம். 2013 நவம்பரிற் கொழும்பிற் பொதுநலவாய மாநாடு நடந்தது. சனாதிபதிப் பதவிக்கிருந்த தவணை வரம்பை 2010இல் நீக்கி, அந்த ஆண்டு சனவரியிற் பிரதம நீதியரசரையும் அகற்றிய ஆட்சி அப்போது இங்கிருந்தது. கனடாப் பிரதமர் வரமறுத்தார். அவுஸ்திரேலியப் பிரதமர் அபொட் வந்தார். படகில் வருவோரைத் தடுக்க இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்களைப் பரிசளிப்பதாக அறிவித்தார். வதை பற்றி நிருபர்கள் வினவியபோது, தம் அரசு வதையை வெறுக்கிறது என்றும், இடரான சூழலில் இடரான காரியங்கள் சில வேளைகளில் நடப்பதுண்டு என்றும் ஒரே மூச்சிற் கூறினார். போர்க்காலக் குற்றங்களை விசாரிக்க ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை முடிவுசெய்தது அடுத்த மார்ச்சில். அதன்பின் 2014 யூலையில், 41 இலங்கையரை அவுஸ்திரேலியக் கப்பலொன்று மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. கப்பலிலேயே, காணொளித் தொடர்பு வழியாக, அவர்களின் புகலிடக் கோரிக்கை ‘விசாரிக்கப்பட்டது’. சட்டத்தரணி இல்லை, மேன்முறையீடு இல்லை. காலி நீதவான்முன் அவர்கள் நிறுத்தப்பட்டனர்.

அந்த 41 பேரில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். இதனை நாம் அழுத்திக் கூறுகிறோம். அதே நாட்களிற் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழர் ஒரு மாதமளவும் அவுஸ்திரேலியக் கப்பலில் அடைபட்டுக் கிடந்தனர் என்பது நமக்கு நன்கு நினைவிருக்கிறது. மற்ற 37 பேர் நினைவில் இல்லை. ஒப்படைப்பவன் இனம் பார்ப்பதில்லை, எண்ணிக்கையே பார்க்கிறான்.

அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றம் என்ன? 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டத்துக்கு மாறாக நாட்டைவிட்டு வெளியேறியமை. அதே 1948இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரையோ, தன் நாடு உட்பட எந்த நாட்டைவிட்டும் வெளியேறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது. பேர்லின் மதிலை ஏறிக் கடந்தவர்களை மேற்குலகம் வீரர்களென்று போற்றியது. மதிலைக் கட்டியவர்களுக்குச் சுண்ணாம்பும் கல்லும் அனுப்ப அன்று எவரும் முன்வரவில்லை.

அவ்வாறாயின், கொடுங்கோலாட்சிகளோடு பேச்சே கூடாதா? நாம் அவ்வாறு கூறவில்லை. அகதிகள் பெரும்பாலும் அத்தகைய நாடுகளிலிருந்தே வருகின்றனர். அவற்றோடு பேசாமல் அவர்களுக்கு உதவவும் இயலாது. 1979 மே 30இல் வியற்நாமுடன் அகதிகள் ஆணையகம் ஓர் உடன்பாடு செய்தது. கடலில் மடிவதற்குப் பதிலாக, பதிவுசெய்து, பயணப்பத்திரத்துடன், விமானத்தில் வெளியேற அது வழிவகுத்தது. அவ்வழியாக அடுத்த ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். ஒற்றைக் கட்சி ஆட்சியோடு செய்த ஒப்பந்தமே அதுவும். ஆயின் அதே ஆண்டு யூலையில் செனீவா மாநாட்டில், களவாகப் புறப்படுவோரைத் தடுப்பதாகவும் வியற்நாம் வாக்களித்தது. அதனை ஏற்றவர்கள், தடுக்கப்பட்டோரின் கதி என்னவென்று அதிகம் கேட்கவில்லை. ஓராண்டிலே ஒரே அரசிடம் ஒரு கையாற் கதவைத் திறக்கவும் மறு கையால் ஆளைப் பிடிக்கவும் உலகம் கேட்டது. முதலாவதைக் கேட்கலாம், அதற்குப் பணமும் கொடுக்கலாம். ஆளைப் பிடி, பெயரைத் தா, அடைத்து வை என்று கேட்பது வேறு. படகும் பணமும் பட்டியலும் கொடுத்தவன், அதன்பின் அந்த மறியலிலும் முகாமிலும் நடப்பதற்குத் தனக்குப் பங்கில்லை என்று கூற நாம் இடங்கொடோம்.

இங்கே அரச அலுவலர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். எழுதுவினைஞர், பொறியியலாளர், வைத்தியர், பொலிசில் இருந்து இளைப்பாறியோரும் உள்ளீர்கள். சிவப்பு எழுத்தைக் குத்தியது யாரோ ஓர் எழுதுவினைஞரின் கை என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அக்காலத்தில் சுவிற்சலாந்தின் சென் கல்லன் மாநிலத்துப் பொலிஸ் தலைவராய்ப் போல் குரூனிங்கர் என்பவர் இருந்தார். 1938 ஓகஸ்டில் எல்லை மூடப்பட்ட பின்னரும் வந்த யூதர்களுக்கு, மூடுமுன் வந்ததாக முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் உயிர்தப்பினர். 1939இல் அவர் பதவிநீக்கப்பட்டார், 1940இற் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றார், ஓய்வூதியமும் போயிற்று. 1972இல் வறுமையிலேயே இறந்தார். 1995இல் சென் கல்லன் நீதிமன்று அவ்வழக்கை மீண்டும் எடுத்து, அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளித்தது.